தலையும் வாலும் தொடாத பாம்பு: அக்கி, தண்டுவட நரம்புகள், உடலின் நடுக்கோடு

1. கேள்வி

மலேசியாவின் ஜொகூரில் ஒருவருக்கு விலாவோரம் கொத்துக் கொத்தாய்க் கொப்புளம் கண்டால் அந்த நோய்க்கு மூன்று மொழிகளில் மூன்று பெயர் உண்டு. தமிழர் அக்கி என்பர், மலாய்க்காரர் காயாப் என்பர், சீனர் பாம்பு என்றே சொல்லிவிடுவர். பாம்பு என்ற பெயரோடு ஒரு பயமும் சேர்ந்தே வருகிறது. முதுகில் கிளம்பி விலாவைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரும் அந்தக் கொப்புள வரிசையின் தலையும் வாலும் தொட்டுவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்பதே அந்தப் பயம். இது சீனரிடையேதான் வலுவாக இருக்கிறது. ஆனால் ஒரே வரிசை வீடுகளில் மூன்று இனத்தவரும் குடியிருக்கும் கூலாயிலும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் இத்தகைய அச்சங்கள் வேலி பார்த்து நிற்பதில்லை. கொப்புளம் எங்கே ஆரம்பித்தது, எதுவரை வந்துவிட்டது என்று வீட்டார் விரல் வைத்து அளந்து பார்ப்பதற்கு இந்த எண்ணமே காரணம்.

இந்த நம்பிக்கை ஆசியாவோடு நின்றிருந்தால் ஒரு பண்பாட்டுக் கடனாகக் கருதி விட்டுவிடலாம். கன்னடத்தில் இந்த நோய்க்கு ‘சர்ப்ப சுத்து’, அதாவது பாம்பின் சுற்று, என்று பெயர். ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்காவில் இது ‘குலெப்ரியா’, சிறு பாம்பு. அங்கும் தலை வாலைத் தொடக்கூடாது என்ற அதே எச்சரிக்கை உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி தமது ‘இயற்கை வரலாறு’ நூலின் 26ஆம் பகுதியில், உடலின் நடுவைச் சுற்றும் இந்த நோய் முழுக்கச் சுற்றிவிட்டால் கொன்றுவிடும் என்று எழுதிவைத்தார். அவர் பயன்படுத்திய ‘ஸோஸ்டர்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு இடைக்கச்சை என்று பொருள். மருத்துவம் இன்றும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே உருவத்தைக் கண்டு ஒரே முடிவுக்குப் பயந்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த உருவம் உடலிலேயே எங்கோ எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அது ஏன் எப்போதும் பாதியில் நின்றுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மார்பு, இடுப்புப் பகுதித் தண்டுவட நரம்புகளின் அமைப்பில் இதற்கு விடை இருக்கிறது. அந்த விடை நாட்டு வழக்கை முழுவதும் பொய்யாக்குவதில்லை. அது கண்ட காட்சியை ஏற்றுக்கொண்டு, சொன்ன காரணத்தை மட்டும் தள்ளுகிறது.

2. நெருப்பா, பாம்பா

தமிழ் இந்த விஷயத்தில் சற்று விலகி நிற்கிறது. அக்கி என்ற சொல்லை அகராதி ‘அக்கினி’யின் பிராகிருத வடிவத்தோடு சேர்க்கிறது. சீனமும் கன்னடமும் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தன; தமிழ் எரிச்சலைப் பார்த்து வைத்தது. தமிழ்நாட்டில் அக்கிக்குக் குயவரிடம் போய் ‘அக்கி எழுதிக்கொள்வது’ பழைய வழக்கம். காவிக்கல்லைக் குழைத்து, கொப்புளத்தின் மேலும் சுற்றிலும் கோடிழுத்து, சிங்கம் போன்ற உருவம் வரைந்து, மந்திரம் சொல்லி அனுப்புவார்கள். சூளை நெருப்பை ஆளத் தெரிந்த கை உடம்பின் நெருப்பையும் ஆளும் என்ற எண்ணம் இதற்குள் இருக்கலாம். இது என் ஊகம். வழக்கத்தைக் கைக்கொள்வோர் சொல்லும் விளக்கமன்று. சீன மரபில் விளக்குத் திரியைக் கொளுத்திப் பாம்பின் தலையிலும் வாலிலும் சுடுவதுண்டு. மலாய் மரபில் வெற்றிலையை மென்று மந்திரித்து உமிழ்வார்கள். மூன்றுக்கும் பொதுவானது, பரவிக்கொண்டிருக்கும் ஒன்றை எல்லைகட்டி நிறுத்தும் நோக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ்ப் பேச்சில் அக்கி என்பது பல தோல் நோய்களுக்குப் பொதுப்பெயர். உதட்டோரக் கொப்புளமும் வெயில்காலத்துச் சிவப்புத் தடிப்பும்கூட அக்கி எனப்படுகின்றன. இக்கட்டுரை பேசுவது, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும் அக்கியைப் பற்றி. அது சின்னம்மையின் கிருமியால் வருவது. அம்மை இறங்கி, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அந்தக் கிருமி உடலைவிட்டுப் போவதில்லை. பல பத்தாண்டு ஒளிந்திருந்து, முதுமையிலோ நோய் எதிர்ப்பு தளரும்போதோ மீண்டும் எழுகிறது. அக்கிக்காரருடன் பழகிய குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைப் புடாபெஸ்ட் நகர மருத்துவர் போகாய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவனித்தார். இரண்டும் ஒரே கிருமி என்பதை 1950களில் தாமஸ் வெல்லர் ஆய்வகத்தில் காட்டினார். அம்மையைத் தாயாகவும் அக்கியை நெருப்பாகவும் பிரித்து, ஒன்றுக்கு வேப்பிலையும் மற்றொன்றுக்குக் காவியும் வகுத்த மரபுக்கு இந்த உறவு தெரிய வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் நாற்பது ஐம்பது ஆண்டு இடைவெளி கிடக்கிறது.

3. கிருமி குடியிருக்கும் இடம்

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் வெளியேறுகின்றன. அவற்றில் 12 இணை மார்புப் பகுதிக்குரியவை, 5 இணை இடுப்புப் பகுதிக்குரியவை. ஒவ்வொரு நரம்பும் இரண்டு வேர்களாகப் புறப்படுகிறது. முன்வேர் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும். பின்வேர் தோலின் உணர்வைக் கொண்டுவரும். பின்வேரில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் உயிரணுக்கள் தண்டுவடத்துக்குள் இருப்பதில்லை. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள பக்கவாட்டுத் துளையில், பயறு போன்ற ஒரு சிறு முடிச்சுக்குள் திரண்டிருக்கின்றன. அங்கிருந்து ஓர் இழை தோலுக்கும் மற்றொரு இழை தண்டுவடத்துக்கும் போகிறது. சின்னம்மைக் கிருமி ஒளிந்திருப்பது இந்த முடிச்சில்தான். அக்கிக்கும் நரம்புக்கும் தொடர்பிருக்கலாம் என்று ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1831இலேயே ஐயுற்றார். ஜெர்மானிய மருத்துவர் பேரன்ஸ்புருங் 1860களின் தொடக்கத்தில் பின்வேர் முடிச்சின் அழற்சியைக் காட்டினார். 1900இல் ஆங்கில மருத்துவர்கள் ஹென்றி ஹெட்டும் கேம்பெலும் அக்கி கண்டு பின்னர் வேறு காரணங்களால் இறந்த 21 பேரின் உடலை ஆராய்ந்து, கொப்புளம் இருந்த பட்டைக்கு நேரான முடிச்சில் சிதைவு இருப்பதை உறுதிசெய்தனர். அக்கி என்பது தோலில் தெரிகிற, ஆனால் முதுகெலும்பின் ஓரத்தில் நடக்கிற நோய்.

இனி அந்த நரம்பின் பாதையைப் பின்தொடரலாம். இரு வேர்களும் சேர்ந்து உருவாகும் நரம்பு, துளையைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது. பின்கிளை முதுகின் தசைக்கும் தோலுக்கும் திரும்பிவிடுகிறது. நீளமான முன்கிளை விலாவெலும்பின் அடி விளிம்பிலுள்ள பள்ளத்தில், இரத்தக்குழாய்களுக்குக் கீழே ஒண்டிக்கொண்டு முன்னோக்கி ஓடுகிறது. முதல் 11 முன்கிளைகளுக்கு விலாவிடை நரம்புகள் என்று பெயர்; 12ஆவது கடைசி விலாவுக்கும் கீழே ஓடுவது. ஓடும் வழியில், அக்குளுக்கு நேர்கீழே பக்கவாட்டுத் தோலுக்கு ஒரு கிளை வெளிவரும். மார்பெலும்பின் ஓரத்திலோ, கீழுள்ள நரம்புகளானால் வயிற்றின் நடுக்கோட்டை ஒட்டியோ, இறுதிக் கிளை தோலுக்கு எட்டும். ஆக, ஒரு மார்பு நரம்பு தோலின் மேல் மூன்று இடங்களில் தலைகாட்டுகிறது: முதுகில் ஒன்று, விலாப் பக்கத்தில் ஒன்று, முன்னால் ஒன்று. அக்கி கண்ட விலாவை நிதானமாகப் பார்த்தால் கொப்புளங்களும் இந்த மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் கொத்தாகக் குவிந்திருக்கும். நடுவில் வெறும் தோல் இருக்கும். பாம்பைப் பார்ப்பவர் அந்த இடைவெளிகளைத் தம் மனத்தால் நிரப்பிக்கொள்கிறார். நரம்பு தசைக்கு அடியில் ஓடும் தூரத்தையே அவர் நிரப்புகிறார் என்பதால், அந்தக் கற்பனையும் ஒருவகையில் சரியாகவே அமைந்துவிடுகிறது.

பட்டை ஏன் படுக்கையாக இல்லாமல் சரிந்திருக்கிறது என்பதும் இதனால் விளங்கும். விலாவெலும்பு முன்னோக்கிச் சரிகிறது. அதோடு நரம்பும் சரிகிறது. பத்தாவது மார்பு நரம்பு பத்தாவது மார்பு முள்ளெலும்பின் அடியிலிருந்து வெளிப்பட்டாலும், முன்னால் வந்து முடிவது தொப்புளருகே. தொப்புளுக்கு நேர்பின்னால் இருப்பதோ இடுப்பு முள்ளெலும்புகள். நான்காவது நரம்பின் பட்டை முலைக்காம்பு மட்டத்தில் வருகிறது, ஏழாவதன் பட்டை மார்பெலும்பின் கீழ்நுனியருகே. இஸ்கந்தர் புத்ரியிலுள்ள நியூகாசல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாணவர் இந்த அடையாளங்களை முதல் ஆண்டுகளிலேயே மனப்பாடம் செய்திருப்பார். வீட்டில் கொப்புளத்தை விரலால் அளக்கும் பாட்டிக்கும் அந்த மாணவருக்கும் முன்னால் இருப்பது ஒரே வரைபடம்தான்.

4. நடுக்கோடு என்னும் தையல்

இப்போது மையக் கேள்விக்கு வரலாம். இடதுபுற முடிச்சும் வலதுபுற முடிச்சும் தனித்தனி வீடுகள். நடுவே முழுத் தண்டுவடமும் முள்ளெலும்பும் இருக்கின்றன. இந்தப் பிரிவு கருவின் நான்காம் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. கருவின் முதுகுக் கோட்டின் இருபுறமும் இணை இணையாக உடற்கணுக்கள் திரள்கின்றன. ஒவ்வொரு கணுவுக்கும் அதே பக்கத்தில் ஒரு முடிச்சும் ஒரு நரம்பும் உருவாகின்றன. பிறகு உடற்சுவர் இருபுறமிருந்தும் முன்னோக்கி மடிந்து வந்து நடுவில் சேர்கிறது. தன் நரம்பையும் கூடவே இழுத்து வருகிறது. கோடு போட்ட துணியை முதுகிலிருந்து இருபக்கமும் இழுத்து முன்னால் பொத்தான் போட்டதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கத்துக் கோடு பொத்தான் வரிசையில் முடிந்துவிடும். வலப்பக்கத்துக் கோடு அங்கிருந்து வேறாகத் தொடங்கும். இடது முடிச்சில் எழுந்த கிருமி தோலை அடைய இருக்கும் ஒரே வழி இடது நரம்பின் இழைகள். அந்த இழைகள் முன்னாலும் பின்னாலும் நடுக்கோட்டருகே முடிந்துபோகின்றன. தலையும் வாலும் தொட, பாம்பு தன்னுடையதல்லாத சாலையில் ஏற வேண்டும்.

நன்கு படித்தவர் ஒருவர் இங்கே மறுக்கக்கூடும். உடலின் இடப்பக்க வலி மூளையின் வலப்பக்கத்துக்குப் போகிறதே, நரம்புகள் தண்டுவடத்துக்குள் குறுக்கே கடக்கின்றனவே, கிருமியும் அப்படிக் கடக்கலாகாதா? கடப்பவை முடிச்சிலிருந்து வந்த இழைகள் அல்ல. அவை தண்டுவடத்தின் பின்கொம்பில், தம் பக்கத்திலேயே, அடுத்த உயிரணுவிடம் செய்தியைக் கைமாற்றிவிடுகின்றன. மறுபக்கம் போவது இரண்டாவது உயிரணுவின் இழை, அதுவும் மேல்நோக்கி மூளைக்கு. மறுபக்கத்துத் தோலுக்கு இறங்கும் வழி அதற்கு இல்லை. கிருமி அரிதாக உள்நோக்கிப் போய்த் தண்டுவடத்தையே தாக்குவதுண்டு. அப்போது வருவது கால் தளர்ச்சியும் சிறுநீர்த் தடையும். எதிர்ப்பக்கத்தில் கொப்புளம் வருவதில்லை.

5. வரைபடங்கள் முரண்படும்போது

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எந்த நரம்பு தோலின் எந்தப் பட்டையை ஆள்கிறது என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. பாடநூல்களில் உள்ள வரைபடங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. அப்படியிருக்க, அந்த வரைபடத்தைச் சாட்சியாக நிறுத்தி நாட்டு நம்பிக்கையை மறுப்பது முறையா? வேறுபாடு உண்மைதான். ஆங்கில உடலியங்கியலாளர் ஷெரிங்டன் 1890களில் குரங்குகளில் ஒரு வேரை மட்டும் விட்டுவிட்டு மேலும் கீழும் பல வேர்களை வெட்டி, எஞ்சிய உணர்வின் பரப்பை அளந்தார். தோலின் எந்தப் புள்ளிக்கும் குறைந்தது இரண்டு வேர்கள், பல இடங்களில் மூன்று, உணர்வு தருவதை அவர் கண்டார். ஃபர்ஸ்டர் 1933இல் மனிதர்களில் இதே முறையில் வரைந்த படமும், கீகனும் காரெட்டும் 1948இல் முதுகெலும்பு வட்டு பிதுங்கியவர்களை வைத்து வரைந்த படமும் கால் பகுதியில் ஒத்துப்போகவில்லை. கீகன் படத்தில் பட்டைகள் முதுகிலிருந்து பாதம்வரை அறுபடாமல் ஓடுகின்றன. ஃபர்ஸ்டர் படத்தில் அப்படி இல்லை. 2008இல் லீ, மெக்ஃபீ, ஸ்ட்ரிங்கர் ஆகியோர் பழைய சான்றுகளையெல்லாம் எடைபோட்டுப் புதிய படம் ஒன்றைத் தந்தபோது, உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களை வெறுமையாகவே விட்டார்கள். எனக்கு அந்த வெற்றிடங்கள் மீது மதிப்பு உண்டு.

ஆனால் முரண்பாடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேல் பட்டைக்கும் கீழ்ப் பட்டைக்கும் இடையிலான எல்லையில் இருக்கிறது; கை கால்களில் இருக்கிறது. இடதுக்கும் வலதுக்கும் இடையிலான கோட்டில் எந்தப் படமும் எந்தப் படத்தோடும் சண்டையிடுவதில்லை. நடுக்கோட்டில் இருபுறத்து இழைகளும் சிறிதளவு பின்னிக்கொள்வதால் ஒன்றிரண்டு கொப்புளம் விரலகலம் தாண்டலாம், அவ்வளவே. ஒரு நரம்பின் எல்லையைக் காட்டுவதில் அக்கிக்கு அறுவைக் கத்தியைவிடத் தகுதி அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு மார்பு நரம்பை வெட்டினால் மரத்துப்போகும் இடம் ஏறக்குறைய எதுவுமில்லை; மேலும் கீழும் உள்ள நரம்புகள் அந்த இழப்பை மூடிவிடுகின்றன. அக்கி வந்தால் அந்த ஒரு நரம்பின் பரப்பு தோலில் சிவந்து நிற்கிறது. வெட்டு இல்லாமையைக் காட்டி மழுப்புகிறது, அக்கி இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஹெட் அக்கி நோயாளிகளை வைத்தே உணர்வுப் பட்டைகளின் படத்தை வரைந்தது இதனால்தான்.

6. இடுப்புக்குக் கீழே உருக்குலையும் பாம்பு

மார்பில் நேர்த்தியாகத் தெரியும் இந்தக் கச்சை, இடுப்பு நரம்புகளில் குலைந்துவிடுகிறது. முதல் இடுப்பு நரம்பு மட்டும் விலா நரம்புகளின் சாயலில் இடுப்பெலும்பின் மேலாகச் சுற்றிக் கவட்டையில் முடிகிறது. அதற்குக் கீழுள்ளவற்றின் முன்கிளைகள், முதுகெலும்பின் பக்கத்திலுள்ள தடித்த இடுப்புத் தசைக்குள்ளேயே ஒன்றோடொன்று பின்னிப் புதிய நரம்புகளாக வெளிவருகின்றன. இரண்டு, மூன்று, நான்காவது நரம்புகள் சேர்ந்து தொடையின் முன்புறத்துக்கு ஒரு பெருநரம்பையும் உட்புறத்துக்கு இன்னொன்றையும் தருகின்றன. நான்காவதின் ஒரு பகுதியும் ஐந்தாவதும் கீழே இறங்கி, காலின் பின்புறம் போகும் பின்னலில் சேர்கின்றன. பின்னலுக்குள் நுழைந்த இழைகள் வெவ்வேறு நரம்புகளில் ஏறிப்போனாலும், புறப்பட்ட முடிச்சு ஒன்றுதான். அதனால் மூன்றாவது இடுப்பு முடிச்சில் எழும் அக்கி, தொடையின் மேல் சாய்வாக இறங்கி முழங்காலை நோக்கிப் போகிறது. அங்கே சுற்றிவர எதுவும் இல்லை; தலையும் வாலும் ஒன்றையொன்று நோக்கிப் போவதுமில்லை. பாம்புக் கதை மார்பையும் வயிற்றையும் பற்றியே பேசுவதற்குக் காரணம் இந்த உடலமைப்பே. அக்கியில் பாதிக்கு மேல் உடற்பகுதியிலேயே வருகிறது என்பதும் கதைக்கு வலுச்சேர்த்தது. சின்னம்மை உடற்பகுதியில்தான் அடர்த்தியாக வருகிறது. அங்கிருந்து அதிகக் கிருமி அந்தந்த முடிச்சுகளில் ஏறுகிறது என்று இங்கிலாந்துக் கிராமப்புற மருத்துவர் ஹோப்-சிம்ப்சன் 1965இல் தந்த விளக்கம் இன்னும் நிற்கிறது.

7. ‘கண்ணால் கண்டேன்’ என்போருக்கு

சுற்றிவந்ததைப் பார்த்தோம், அந்த ஆள் இறந்தும்போனார் என்று சொல்வோர் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று கருத வேண்டியதில்லை. இடுப்புவார் உராய்ந்து வரும் தடிப்பு இருபக்கமும் வரும். அதை அக்கி என்று எண்ணியிருக்கலாம். உண்மையான அக்கியே இரண்டு பக்கமும் தனித்தனி முடிச்சுகளில் ஒரே நேரத்தில் எழுவது மிக அரிதாக நிகழ்வதுண்டு. மேலும் முக்கியமானது, நோய் எதிர்ப்பு மிகவும் குலைந்தவர்களிடம் கிருமி இரத்தத்தில் ஏறி உடலெங்கும் கொப்புளமாக வெடிப்பது. புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றிக்கொண்டோர், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் ஆகியோரிடம் இது நேரலாம். நுரையீரலையும் ஈரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தில்லாத காலத்தில் இப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்த ஊர், சுற்றியதால் செத்தார் என்று நினைவில் வைத்திருக்கும். பிளினியின் வரியிலும் அப்படியொரு நினைவு உறைந்திருக்கலாம். முன்னமே தளர்ந்த உடலில்தான் கிருமி எல்லை மீறியது. கொப்புளம் இரு பக்கமும் வந்தது அந்தத் தளர்ச்சிக்கு அடையாளம். மரணத்துக்குக் காரணம் அதுவன்று.

எழுதியதும் அக்கி நின்றது என்ற அனுபவத்துக்கும் இதேபோல் விளக்கம் உண்டு. புதுக் கொப்புளம் மூன்று முதல் ஐந்து நாள்வரை எழும். ஏழு முதல் பத்து நாளில் காயும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொருக்கு உதிரும். பலருக்கு அரைக்கச்சை முழுவதும்கூட நிரம்புவதில்லை. முதுகில் ஒரு கொத்து, பக்கத்தில் ஒரு கொத்தோடு நின்றுவிடும். இரண்டாம் நாள் காவிக்கோடு இழுத்தவருக்கு ஐந்தாம் நாள் பாம்பு நின்ற காட்சி கிடைக்கும். கோடு இழுக்காதவருக்கும் அதே காட்சிதான், ஆனால் நன்றி சொல்ல ஆளில்லை. காவி பூசுவதால் பெருந்தீங்கு இல்லை. திரியால் சுடுவது வேறு கதை, சுட்ட புண் சீழ் பிடிக்கும். அக்கி எழுதுவதன் உண்மையான விலை, அது எடுத்துக்கொள்ளும் நாள்கள். அசிக்குளோவிர் போன்ற கிருமித்தடுப்பு மாத்திரைகள் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன் தரும். அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கக்கூடிய நாட்டில், செலவு இங்கே தடையன்று. மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற நிதானமே தடை.

அந்த 72 மணிக் கணக்கும் பலருக்குத் தெரியாமலே கழிகிறது. கொப்புளத்துக்கு ஓரிரு நாள் முன்பே வலி தொடங்கிவிடும். இடது நெஞ்சில் வந்தால் மாரடைப்பென்று பயப்படுவார்கள். வலது விலாவின் கீழ் வந்தால் பித்தப்பை, முதல் இடுப்பு நரம்பில் வந்தால் சிறுநீரகக் கல். சரியான இடத்தில் தேடாததால், கொப்புளம் எழுந்தும் கண்ணில் படாமல் நாள் போகும். விலா மட்டத்தில், ஒரே பக்கத்தில், சட்டை உரசினாலே எரிகிற வலி, கீழே எந்தத் தடிப்பும் இல்லாமல் இருந்தால், அந்த இடத்தைத் தினமும் ஒருமுறை பார்த்துவர வேண்டும்.

பொருக்கு உதிர்ந்த பிறகும் சிலருக்கு அந்தப் பட்டையில் வலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நிற்கும். வயது ஏற ஏற இந்த வாய்ப்பும் ஏறுகிறது. முடிச்சிலுள்ள உயிரணுக்கள் பல மடிந்துபோய், எஞ்சியவை தாமாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். ஊசியால் தொட்டால் அந்த இடம் மரத்திருக்கும், பனியன் துணி பட்டாலோ நெருப்பாக எரியும். விசிறிக் காற்றைக்கூடத் தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு, உடலின் ஒரு பக்கத்தை மட்டும் காற்றுக்கு மறைத்துத் திரும்பி உட்கார்ந்திருக்கும் முதியவரின் முதுகில், காவியும் இருக்காது, கொப்புளமும் இருக்காது. பழுப்பேறிய தழும்புகள் மட்டும் முதுகெலும்பின் ஓரத்தில் தொடங்கி, விலாவின் சரிவிலேயே இறங்கி, தொப்புளுக்கு ஒரு விரல் இப்புறம் முடிந்திருக்கும்.